ஆயிரத்து அறுநூறு ஆண்டு வழக்கு

ரெபெக்காளின் வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள். இன்னும் பிறக்கவில்லை, நல்லதோ கெட்டதோ எதுவும் செய்ததில்லை. அதற்குள் மூத்தவன் இளையவனுக்குக் கீழ்ப்பட்டிருப்பான் என்று தாய்க்குச் சொல்லப்பட்டுவிடுகிறது. ஆதியாகமம் 25ஆம் அதிகாரத்தில் இது ஒரு குடும்பக் கதை. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 9ஆம் அதிகாரத்தில் இதே கதை ஒரு கோட்பாட்டுக்கு ஆதாரமாகிறது: யாக்கோபைத் தெரிந்துகொண்டது அவனுடைய நடத்தையைப் பார்த்து அல்ல, அழைத்தவரின் சித்தத்தால். அப்படியானால் கடவுள் அநியாயம் செய்கிறாரா என்ற கேள்வியையும் பவுலே எழுப்புகிறார். குயவனிடம் களிமண் நியாயம் கேட்கலாமா என்பது அவர் தரும் பதில்.

அந்தப் பதில் யாரையும் வாயடைக்கவில்லை. எல்லா மனிதரும் இரட்சிக்கப்பட வேண்டும் என்பதே கடவுளின் விருப்பம் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 2ஆம் அதிகாரம் சொல்கிறது. உலகத் தோற்றத்துக்கு முன்பே தெரிந்துகொண்டார் என்று எபேசியர் முதல் அதிகாரம் சொல்கிறது. இரு தரப்புக்கும் வசனப் பஞ்சமில்லை. ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே பிரசங்கத்தைக் கேட்ட அண்ணன் தம்பிகளில் ஒருவன் நம்புகிறான், மற்றவன் நம்பவில்லை. வித்தியாசம் அவர்களிடம் இருந்து வந்ததா, மேலிருந்து வந்ததா? கிறிஸ்தவ இறையியலில் இவ்வளவு காலம் இழுத்த வழக்குகள் மிகக் குறைவு.

வழக்குக் கட்டை முதலிலிருந்து புரட்டினால் ஒரு போக்கு கண்ணில் படுகிறது. தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து, 'இது என்னால் ஆன காரியம் அல்ல' என்று ஒருவர் சொன்ன இடங்களில் முன்குறித்தல் எனப்படும் இந்தக் கோட்பாடு ஆறுதலாக இருந்திருக்கிறது. அதையே முன்பக்கமாகத் திருப்பி, இன்னார் உள்ளே, இன்னார் வெளியே என்று ஆள் கணக்கெடுக்கப் புறப்பட்ட இடங்களில் வினை வந்திருக்கிறது.

பழைய ஏற்பாட்டில் தெரிந்துகொள்ளுதல் என்பது பெரும்பாலும் ஒரு ஜனத்தைப் பற்றிய பேச்சு. இஸ்ரவேலர் எண்ணிக்கையில் பெரியவர்கள் என்பதால் தெரிந்துகொள்ளப்படவில்லை என்று உபாகமம் 7 அவர்கள் தலைக்கனத்தைத் தட்டி வைக்கிறது. தனி மனிதனின் பரலோகம், நரகம் என்ற கோணம் அழுத்தம் பெற்றது பிற்காலத்தில். அதற்கு முக்கியப் பொறுப்பாளி வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரப் பேராயர் அகுஸ்தீன்.

354இல் பிறந்த அகுஸ்தீன், இளமையில் வழி தவறி அலைந்து, 386இல் மிலானில் மனம் மாறியவர். அடுத்த பத்தாண்டுகளில் பவுலை ஊன்றிப் படித்தார். மிலான் திருச்சபையின் சிம்பிளிசியானுஸ் ரோமர் 9 பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு 396 வாக்கில் பதில் எழுதினார். மனிதனின் சுயசித்தத்துக்காகவே அங்கே வாதாட முயன்றதாகவும், கடைசியில் கிருபையே வென்றுவிட்டதாகவும் முதுமையில் அவரே பதிவு செய்திருக்கிறார். அவருடைய ஒப்புதல் நூல் முழுக்கவே இந்தத் திரும்பிப் பார்த்தல்தான். தான் தேடிக் கண்டடைந்ததாக நினைத்தவரே தன்னை விரட்டிப் பிடித்தார் என்கிற தொனி அது.

அந்த நூலில் வரும் ஒரு ஜெபம் ரோமில் வாசிக்கப்பட்டபோது பெலேஜியஸ் என்ற பிரித்தானியத் துறவி கொதித்துப் போனார். நீர் கட்டளையிடுவதைச் செய்யும் பலத்தையும் நீரே தாரும் என்ற பொருளில் அமைந்த ஜெபம். ரோம நகரத்துப் பணக்காரக் கிறிஸ்தவர்களின் மெத்தன வாழ்க்கையைக் கண்டு நொந்திருந்தவர் அவர். சோம்பேறிக்கு இதைவிட வசதியான சாக்கு வேறென்ன வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில் நியாயம் இருக்கிறது. 410இல் அலாரிக் ரோமைச் சூறையாடியபோது அகதிகளோடு அவரும் ஆப்பிரிக்கா வழியாகப் பாலஸ்தீனம் போனார். சண்டையும் கடல் கடந்தது. 418இல் கார்த்தேஜ் சங்கம் பெலேஜியஸின் போதனையைக் கண்டித்தது.

இன்னும் சுவையான எதிர்ப்பு துறவிகளிடமிருந்து வந்தது. இன்றைய துனிசியாவின் சூஸ் நகரம் அன்று ஹாத்ருமேட்டும். அங்கிருந்த மடத்துத் துறவிகளுக்கு 426 வாக்கில் அகுஸ்தீனின் எழுத்து ஒன்று கிடைத்தது. படித்தவர்களில் சிலர் நேரடியாக ஒரு கேள்வி எழுப்பினார்கள்: எல்லாம் கிருபை என்றால், நாங்கள் தவறும்போது மடத்தலைவர் எங்களைக் கண்டிப்பது எதற்கு? எங்களுக்காக ஜெபித்துவிட்டுப் போகலாமே! குறும்பா, உண்மையான குழப்பமா என்று பிரித்தறிய முடியாத கேள்வி. அகுஸ்தீன் இதற்காக இரண்டு நூல்கள் எழுதினார். கண்டிப்பும் கிருபை வேலை செய்யும் கருவிகளில் ஒன்று என்பது அவர் பதிலின் சாரம்.

529இல் தென் பிரான்சின் ஆரஞ்ச் நகரில், ஆர்ல் பேராயர் செசேரியுஸ் தலைமையில் கூடிய சிறிய சங்கம் ஒரு நடுவழி சொன்னது. விசுவாசத்தின் முதல் அசைவே கிருபையால்தான். ஆனால் கடவுள் யாரையும் தீமைக்கென்று முன்குறித்தார் என்பவன் சபிக்கப்பட்டவன். பாதி அகுஸ்தீனை ஏற்று மீதியைப் பூட்டி வைத்த தீர்ப்பு என்று இதைச் சொல்லலாம்.

மூன்று நூற்றாண்டு கழித்து அந்தப் பூட்டை உடைத்தவர் காட்ஷால்க். சாக்சனியப் பிரபு குடும்பத்துப் பிள்ளை. சிறுவயதிலேயே ஃபுல்டா மடத்துக்குக் காணிக்கையாகக் கொடுக்கப்பட்டவர். வளர்ந்தபின் தன்னை விடுவிக்கக் கோரிப் போராடியவர். தன் வாழ்க்கையைத் தன் சம்மதமின்றி மற்றவர்கள் தீர்மானித்ததை வெறுத்த இந்த மனிதரே, கடவுளின் முன்குறித்தல் இரு பக்கமும் உண்டு என்று கடைசிவரை பிடிவாதமாகப் போதித்தது வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று. 849இல் கியர்சி சங்கத்தில் அவரைச் சாட்டையால் அடித்து, கையெழுத்துப் பிரதிகளை நெருப்பில் போட வைத்தார்கள். மீதி வாழ்நாள், கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள், ஓவிலேர் மடத்தில் சிறை. எண்ணூறு ஆண்டு கழித்து டோம் பெரின்யோன் திராட்சை மதுக்கிடங்கைக் கவனித்துக்கொண்ட அதே மடம். ஷாம்பெயின் குடிப்பவர்களுக்கு அவர் பெயர் தெரியும். காட்ஷால்க்கை யாருக்கும் தெரியாது.

இந்தக் கோட்பாடு என்றதும் பலருக்கும் பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் நினைவுக்கு வருகிறார். அதற்கு முன்பே 1525இல் மார்ட்டின் லூத்தர், சுயசித்தத்தை ஆதரித்து எராஸ்மஸ் எழுதிய நூலுக்குக் கடுமையான மறுப்பு எழுதியிருந்தார். மனித சித்தம் அடிமைப்பட்டது என்பதில் லூத்தரின் குரல் கால்வினுடையதைவிடச் சூடானது. ஆனால் லூத்தரன் திருச்சபை 1577இல் தன் ஒப்பந்த அறிக்கையை வகுத்தபோது, இரட்சிப்புக்குத் தெரிந்துகொள்ளுதல் உண்டு, அழிவுக்கு முன்குறித்தல் இல்லை என்று ஒதுங்கிக்கொண்டது.

கால்வின் தன் பெருநூலின் 1559ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்தக் கோட்பாட்டை எங்கே வைத்தார் என்பது கவனிக்கத்தக்கது. கடவுளின் தன்மையைப் பேசும் முதல் புத்தகத்தில் அல்ல. விசுவாசம், மனந்திரும்புதல், ஜெபம் எல்லாவற்றையும் பேசி முடித்த பிறகு, மூன்றாம் புத்தகத்தின் இறுதியில். விசுவாசி தன் பயணத்தைத் திரும்பிப் பார்க்கும் இடம் அது. கிறிஸ்துவை விட்டுவிட்டுத் தன் தெரிந்துகொள்ளுதலைத் தேடுபவன் வெளிவர முடியாத சுழலில் விழுவான் என்றும் எச்சரிக்கிறார். ஆனால் ஜெனீவாவில் அவர் நடந்துகொண்ட விதம் வேறு. 1551 அக்டோபர் 16 அன்று போதகர்கள் கூட்டத்தில் ஜெரோம் போல்செக் என்ற மருத்துவர், முன்னாள் கார்மேல் சபைத் துறவி, எழுந்து நின்று, இந்தப் போதனை கடவுளைக் கொடுங்கோலனாக்குகிறது என்றார். தாமதமாக வந்து பின்னால் நின்றிருந்த கால்வின் முன்னே வந்து வெகுநேரம் மறுத்துப் பேசினார். போல்செக் கைதானார், ஆண்டு முடிவதற்குள் நகரத்தை விட்டே துரத்தப்பட்டார். 1577இல் கால்வினை நாறடித்து ஒரு வாழ்க்கை வரலாறு எழுதிக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்.

கத்தோலிக்கர் மத்தியிலும் சண்டை குறைவில்லை. 1588இல் இயேசு சபையின் லூயிஸ் தெ மோலினா, எந்தச் சூழலில் எந்த மனிதன் என்ன தீர்மானிப்பான் என்பதைக் கடவுள் முன்னமே அறிவார் என்ற அடிப்படையில் ஒரு சமரசம் முன்வைத்தார். தொமினிக்கன் சபையினர் ஏற்கவில்லை. ரோமில் ஆண்டுக்கணக்கில் விசாரணை நடந்து, 1607இல் போப் ஐந்தாம் பவுல் தீர்ப்பே சொல்லாமல், ஒருவரையொருவர் பதிதர் என்று ஏசக்கூடாது என்று மட்டும் உத்தரவிட்டார். இந்த நெடிய வரலாற்றில் மிகப் புத்திசாலித்தனமான தீர்ப்பு, தீர்ப்புச் சொல்லாத இதுதான் என்று கருதலாம்.

நெதர்லாந்துக்கு அந்தப் பொறுமை வாய்க்கவில்லை. லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் யாக்கோபுஸ் அர்மினியஸ், கடவுள் யார் விசுவாசிப்பார்கள் என்பதை முன்னறிந்து அவர்களைத் தெரிந்துகொள்கிறார் என்று கற்பித்தார். கிருபை இல்லாமல் மனிதனால் முடியாது என்பதை அவரும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கிருபையை எதிர்த்து நிற்க மனிதனால் முடியும் என்றார். சக பேராசிரியர் கொமாருஸ் அவரை விடவில்லை. 1609இல் அர்மினியஸ் இறந்தார். மறு ஆண்டு அவருடைய ஆதரவாளர்கள் ஐந்து கூறுகள் கொண்ட முறையீடு ஒன்றை எழுதினார்கள்.

இது பாடசாலைச் சண்டையாகவே முடிந்திருக்கலாம். ஆனால் அது ஸ்பெயினோடு பன்னிரண்டு ஆண்டுப் போர்நிறுத்தம் நடந்த காலம். போர்நிறுத்தத்தை உருவாக்கிய முதுபெரும் அரசியல்வாதி ஓல்டன்பார்னவெல்ட், அர்மினியஸ் தரப்புக்குக் காவலாக நின்றார். படைத்தலைவர் இளவரசர் மாரிஸ் எதிர்த்தரப்பில் சேர்ந்தார். 1618 ஆகஸ்டில் ஓல்டன்பார்னவெல்ட் கைதான பிறகு, நவம்பரில் டார்ட் நகரில் திருச்சபைச் சங்கம் கூடியது. இங்கிலாந்து, ஜெனீவா, சுவிஸ் நகரங்கள், ஜெர்மானியப் பகுதிகள் என்று பல இடங்களிலிருந்து பிரதிநிதிகள் வந்தார்கள். பிரெஞ்சுப் பிரதிநிதிகளை அவர்கள் அரசர் தடுத்துவிட்டதால் அவர்கள் இருக்கைகள் காலியாகவே கிடந்தன. அர்மினியஸ் தரப்பினர் உறுப்பினர்களாக அல்ல, குற்றம் சாட்டப்பட்டவர்களாக வரவழைக்கப்பட்டார்கள். 1619 ஜனவரி 14 அன்று சங்கத் தலைவர் போகெர்மான் கோபத்தில் குரல் உயர்த்தி அவர்களை வெளியே அனுப்பினார்.

வெளிநாட்டுப் பிரதிநிதிகள் அமர்ந்த அமர்வுகள் மே 9 அன்று முடிந்தன. மே 13 அன்று ஹேக் நகரில், எழுபது வயது கடந்த ஓல்டன்பார்னவெல்டின் தலை வெட்டப்பட்டது. குற்றச்சாட்டு ராஜத்துரோகம், ஆனால் எந்தக் காற்று அந்த வாளை அசைத்தது என்பது ஊரறிந்தது. சுமார் இருநூறு போதகர்கள் பதவி இழந்தார்கள். சர்வதேசச் சட்டத்தின் தந்தை என்று போற்றப்படும் ஹூகோ க்ரோட்டியுஸ் லூவெஸ்டைன் கோட்டையில் ஆயுள் சிறைவாசி ஆனார். அவர் படிப்பதற்குப் புத்தகங்கள் பெட்டியில் வந்து போகும். மனைவி மரியா கணக்குப் போட்டார். 1621 மார்ச் 22 அன்று புத்தகப் பெட்டிக்குள் க்ரோட்டியுஸ் சுருண்டு படுக்க, காவலர்களே அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெட்டி கனக்கிறதே, உள்ளே அர்மினியன் யாராவது இருக்கிறானா என்று ஒருவன் கேலி செய்ததாக ஒரு கதை உண்டு. இதுதான் அந்தப் பெட்டி என்று இன்று ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டிகள் காட்டப்படுகின்றன.

டார்ட் வகுத்த கோட்பாட்டை இன்று ஐந்து தலைப்புகளில் சொல்கிறார்கள்: மனிதனின் முழுச் சீர்கேடு, நிபந்தனையற்ற தெரிந்துகொள்ளுதல், வரையறுக்கப்பட்ட பரிகாரம், தடுக்க முடியாத கிருபை, பரிசுத்தவான்கள் இறுதிவரை நிலைத்திருத்தல். ஆனால் அந்த ஆவணத்தை முழுதாகப் படிப்பவர்கள் எதிர்பாராத ஓரிடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. முதல் பகுதியின் 17ஆம் கூறு, சிசுப் பருவத்திலேயே இறந்துபோன பிள்ளைகளைப் பற்றியது. விசுவாசிகளான பெற்றோர் அந்தப் பிள்ளைகளின் இரட்சிப்பைச் சந்தேகிக்க வேண்டாம் என்கிறது. பிள்ளைச் சாவு இல்லாத வீடே அபூர்வமாக இருந்த காலம் அது. எதிரிகளைத் துரத்திய அதே சபையினர், கல்லறையருகே நிற்கும் தாயை மனதில் வைத்து ஒரு கூறு எழுதியிருக்கிறார்கள்.

எல்லோருக்கும் அந்த ஆறுதல் எட்டவில்லை. ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கௌப்பரின் கதை இதற்குச் சாட்சி. 1731இல் பிறந்த அவருக்கு இளமையிலேயே மனநோய் இருந்தது. அதைக் கோட்பாட்டின் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனால் நோய்க்கு மொழி கொடுத்தது கோட்பாடு. ஓல்னி ஊரில் போதகர் ஜான் நியூட்டனோடு சேர்ந்து ஞானப்பாடல்கள் எழுதிக்கொண்டிருந்தவர், 1773இல் ஒரு கனவு கண்டார். தனக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்ற தீர்ப்பைக் கனவில் கேட்டதாக நம்பினார். அதன்பின் இருபத்தேழு ஆண்டு வாழ்ந்தார். ஆலயத்துக்குள் கால் வைக்கவில்லை. தெரிந்துகொள்ளப்பட்டவன் கைவிடப்படமாட்டான் என்று கால்வின் வழி வந்த நியூட்டன் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். அந்த விதி சரிதான், அதற்கு நான் ஒருவன் மட்டும் விலக்கு என்று கௌப்பர் நம்பினார். அவர் எழுதிய பாடல்கள் மற்றவர்களைத் தேற்றிக்கொண்டிருந்தன.

இதே நூற்றாண்டில் நண்பர்களான பிரசங்கிகள் இருவர் பிரிந்தார்கள். 1739இல் ஜான் வெஸ்லி முன்குறித்தலை எதிர்த்து ஒரு பிரசங்கம் செய்து அச்சிட்டார். ஜார்ஜ் விட்ஃபீல்டு 1740 டிசம்பரில் அமெரிக்காவின் ஜார்ஜியாவிலிருந்து மறுப்புக் கடிதம் எழுதினார். உறவு முறிந்தாலும் முழுக்க அறுந்துவிடவில்லை. 1770இல் விட்ஃபீல்டு இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான்.

யார் இரட்சிக்கப்படுவார்கள் என்பது ஏற்கெனவே முடிவானது என்றால் மிஷனெரி எதற்கு என்பது எல்லோருக்கும் எழும் கேள்வி. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில பாப்டிஸ்டுகளில் சிலர் உண்மையாகவே அப்படி வாதிட்டு, அவிசுவாசிகளை மனந்திரும்ப அழைப்பதையே தவிர்த்தார்கள். 1785இல் ஆண்ட்ரூ ஃபுல்லர் என்ற போதகர், அதே கால்வினியத்துக்குள் நின்றுகொண்டே அதை உடைத்தார். கடவுளின் இரகசியத் தீர்மானம் மனிதனின் கடமைக்கு அளவுகோல் அல்ல என்பது அவர் வாதம். அந்த வாதத்தின் தோளில் ஏறித்தான் வில்லியம் கேரி 1793இல் வங்காளத்துக்குக் கப்பலேறினார்.

தமிழ் மண்ணுக்கு டார்ட் இரண்டு விதமாக வந்தது. 1658இல் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபோது பல்தேயுஸ் போன்ற சீர்திருத்தச் சபைப் போதகர்களும் வந்தார்கள். ஞானஸ்நானம் பெற்றவருக்கே அரசு உத்தியோகம் என்ற நிலை உருவானது. மனிதச் செயலைப் பாராமல் கடவுளே தெரிந்துகொள்கிறார் என்று அறிக்கையிட்ட சபை, பதிவேட்டில் பெயர் சேர்த்து ஆள் எண்ணியது. டச்சு ஆட்சி போனதும் அந்த எண்ணிக்கையின் பெரும்பகுதி கரைந்துபோனது. இரண்டாவது வருகை அமெரிக்காவிலிருந்து. அங்கே குடியேறிய டச்சுக்காரர்களின் சீர்திருத்தச் சபை, ஸ்கடர் குடும்பத்தின் வழியாக 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர் அந்தக் குடும்பத்துப் பெண். பிரசவத்தில் தவித்த பெண்களுக்கு உதவ, ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து அழைத்தார்கள். பெண் மருத்துவர் இல்லாததால் மூன்று பெண்களும் இறந்தார்கள். அதையே தனக்கு வந்த அழைப்பாக அவர் எடுத்துக்கொண்டார். உபாகமத்தில் இருந்த பழைய பொருளுக்கு, ஒரு பணிக்கென்று தெரிந்துகொள்ளப்படுதலுக்கு, இது நெருக்கமானது.

தமிழ் வாசகருக்கு இந்த வழக்கு வைணவர்களின் வேறொரு வழக்கை நினைவூட்டாமல் இராது. வடகலையார் சொல்லும் குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறது. தென்கலையார் சொல்லும் பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகிறது. ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ 1930இல் இந்தியாவின் கிருபை மார்க்கத்தையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டுத் தனி நூலே எழுதினார். பொருத்தம் உண்மையானது, ஆனால் முழுமையானதல்ல. கிறிஸ்தவ வழக்கில் மனதை அறுத்த கேள்வி, பூனை எப்படித் தூக்குகிறது என்பதல்ல. தூக்காமல் விட்ட குட்டியின் கதி என்ன என்பது.

அந்தக் கேள்வியை அடியோடு திருப்பிப் போட முயன்றவர் இறையியலாளர் கார்ல் பார்த். தன் பெருநூலின் 1942இல் வெளிவந்த பகுதியில், கடவுள் தெரிந்துகொண்டது முதலில் இயேசு கிறிஸ்துவை என்றார், தள்ளப்பட்டவரும் அவரே. இரண்டு பட்டியல் என்ற பேச்சே அதோடு ஒழிந்தது. அப்படியானால் கடைசியில் எல்லோரும் இரட்சிக்கப்படுவார்களா என்று கேட்டவர்களுக்கு அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் அடித்துப் பேசவில்லை. 1963இல் வேதாகம அறிஞர் கிறிஸ்டர் ஸ்டெண்டால் இன்னொரு பக்கத்திலிருந்து தட்டினார்: பவுலின் கவலை யூதரும் புறஜாதியாரும் எப்படி ஒன்றாவது என்பதே, தனி மனிதனின் மனச்சாட்சிக் குடைச்சலை அவர்மேல் ஏற்றியது மேற்குலகம். ரோமர் 9, 10, 11 மூன்றையும் ஒரே மூச்சில் வாசிப்பவர்களுக்கு இதை எளிதில் ஒதுக்க முடியாது. யாக்கோபையும் அவன் அண்ணன் ஏசாவையும் பற்றித் தொடங்கும் பேச்சு இஸ்ரவேலின் எதிர்காலத்தில்தான் போய் முடிகிறது.

வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. 2009இல் டைம் இதழ், உலகை மாற்றிவரும் பத்துக் கருத்துகளின் பட்டியலில் புதிய கால்வினியத்தைச் சேர்த்தது. தமிழில் நிலைமை வேறு மாதிரி. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் ஆங்கிலிக்கர், வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்டுகள், கால்வின் வழிவந்த பிரெஸ்பிட்டேரியர், காங்கிரிகேஷனலிஸ்டுகள் எல்லோரும் சேர்ந்தார்கள். அப்போஸ்தலர், நைசியா விசுவாசப் பிரமாணங்கள் போதும் என்று வைத்துக்கொண்டதால் டார்டும் வெஸ்லியும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அந்த வாசலை இப்போது இணையப் பிரசங்கங்கள் தட்டுகின்றன. முழங்காலில் நிற்கும்போது எல்லாக் கிறிஸ்தவரும் கால்வினியரே என்பது 1961இல் இறையியலாளர் ஜே. ஐ. பாக்கர் முன்வைத்த வாதத்தின் சாரம். மகனுக்காக உபவாச ஜெபத்தில் அழும் தாய், அவன் மனதைத் திறந்தருளும் என்றுதானே கேட்கிறாள்? திறப்பது அவன் கையில் மட்டுமே இருந்தால் கடவுளிடம் கேட்பானேன்? வெஸ்லியின் பிள்ளைகள் இதற்கு மசிவதில்லை. எல்லா மனதையும் கிருபை முந்திக்கொண்டு தொடுகிறது என்பதுதான் எங்கள் போதனையும்; ஆகவே அந்த ஜெபம் எங்களுக்கும் சொந்தம் என்கிறார்கள். கூடவே ஒரு எதிர்க்கேள்வியும் கேட்கிறார்கள்: ஞாயிற்றுக்கிழமை பீடத்தருகே எல்லோரையும் அழைக்கிற போதகர், அங்கே உட்கார்ந்திருக்கும் சிலருக்கு அந்த அழைப்பு இல்லை என்று உண்மையாகவே நம்புகிறாரா?